ஆறாம் ஆண்டில் ஏணி ஏறப்போவது யார்?

காஞ்சிபுரம் அருகே ஐயங்கார்குளத்தில் மொட்டை மாடி உள்ள ஒருவர் சோலார் போட நினைத்தால் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது மின்கட்டண அட்டை. கடைசி ஆறு பில்களையும், அதாவது ஒரு வருடக் கணக்கை, வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்த கான்ட்ராக்டர் அதைக் கேட்காமலே ‘மூணு கிலோவாட் போட்டுடலாம்’ என்று ஆரம்பித்தால் அவரை அங்கேயே நிறுத்திவிடலாம். தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியின் பாதி விடை அந்த அட்டையில்தான் இருக்கிறது.

இங்கே இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 300 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு வரும் பில் சுமார் 700 ரூபாய். முழு பில்லையும் சூரியன் கட்டிவிட்டாலும் ஆண்டுக்கு மிச்சம் 4,200 ரூபாய்க்கு மேல் போகாது. மூன்று கிலோவாட் அமைக்க ஏறத்தாழ இரண்டு லட்சம் ஆகிறது. மத்திய அரசின் மானியம் 78,000 போக, கையிலிருந்து ஒன்றே கால் லட்சம். போட்ட பணம் திரும்பி வர முப்பது ஆண்டு ஆகும் என்றால் அந்த வீட்டுக்கு சோலார் வேண்டாம் என்று சொல்பவர்தான் நேர்மையான கான்ட்ராக்டர்.

அதே தெருவில் இரண்டு ஏ.சி., தண்ணீர் மோட்டார், கிரைண்டர் எல்லாம் ஓடி 900 யூனிட் எரிக்கும் வீட்டின் கதை வேறு. 500 யூனிட்டைத் தாண்டியதும் அடுக்கு விலை எட்டு ரூபாய்க்கு மேல் ஏறுகிறது. 800-ஐத் தாண்டினால் பத்து ரூபாய்க்கு மேல். பில் 5,800 ரூபாயைத் தொடும். மூன்று கிலோவாட் அமைப்பு நம் வெயிலில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் என்று வைத்தால், இரண்டு மாதத்தில் 720 யூனிட் தரும். மீதி 180 யூனிட்டுக்கு இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். நெட்வொர்க் கட்டணம் போன்ற பிடித்தங்கள் எவ்வளவு என்பதை இ.பி. ஆபீசில் கேட்டுக் கழித்துக்கொள்ள வேண்டும். கழித்தாலும் நான்கைந்து ஆண்டில் முதல் திரும்பிவிடும். மீதி இருபது ஆண்டு லாபம். ஒரே பேனல், ஒரே வெயில், ஒரே தெரு. கணக்கை மாற்றுவது அடுக்கு விலை மட்டும்தான்.

காஞ்சிபுரத்தைச் சுற்றிய ஊர்களில் தறி உள்ள வீடுகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட், விசைத்தறிக்கு 1,000 யூனிட் என்று 2023-இல் இலவச அளவு உயர்த்தப்பட்டது. அரசே கொடுக்கும் மின்சாரத்தைக் கடன் வாங்கிக் கூரையில் தயாரிப்பதில் பொருளில்லை. வயலில் இலவச மின் இணைப்பு உள்ள விவசாயிக்கும் இதே பதில்தான். இணைப்புக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவருக்கு வேளாண் பொறியியல் துறை மானியத்தில் தரும் சூரிய சக்தி பம்புசெட் உண்டு. அது தனித் திட்டம், தனி விண்ணப்பம். வீட்டுக் கூரைக்கு வரும் கான்ட்ராக்டரிடம் அதைப் பேசிப் பயனில்லை.

இந்தக் கணக்கைக் குழப்பும் ஒரு வாசகம் ஊர் ஊராகச் சுற்றுகிறது: ‘300 யூனிட் இலவசம்.’ 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தின் முழக்கம் அது. அரசு யாருக்கும் 300 யூனிட் அனுப்பி வைப்பதில்லை. உங்கள் காசில், உங்கள் மாடியில் போட்ட மூன்று கிலோவாட் அமைப்பு மாதத்துக்கு ஏறத்தாழ அவ்வளவு தரும் என்பதே அதன் பொருள். இதை விளக்காமல் கையெழுத்து வாங்குபவர் பொய் சொல்லவில்லை என்று வாதாடலாம். ஆனால் அவரை நம்பி இருபத்தைந்து வருடப் பொருளை மாடியில் ஏற்ற முடியாது.

கான்ட்ராக்டரை யார் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்குப் பதினைந்தே ஆண்டுகளில் மூன்று விதமான பதில்கள் வந்திருக்கின்றன. 2011-இல் தமிழக அரசு முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தைத் தொடங்கியது. 300 சதுர அடி வீடு, அதில் ஐந்து சோலார் விளக்கு. விளக்கு யாரிடம் வாங்குவது என்று வீட்டுக்காரர் யோசிக்க வேண்டியதே இல்லை, எல்லாம் அரசு பார்த்துக்கொண்டது. 2019-இல் வந்த மத்திய அரசின் கூரைத் திட்டத்தில் மின் வாரியங்கள் டெண்டர் விட்டு, விலையை நிர்ணயித்து, கான்ட்ராக்டர் பட்டியலை வெளியிட்டன. மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் வீட்டுக்காரர் கொடுத்தார். கான்ட்ராக்டர் மானியத்தை வாரியத்திடம் வாங்கிக்கொண்டார். அதில் தாமதமும் தலைவலியும் மிகுதி. 2022 ஜூலையில் கூரை சோலாருக்கான தேசிய இணையதளம் வந்த பிறகு கதவு முழுக்கத் திறந்தது. பதிவு பெற்ற எவரிடமும் பேரம் பேசி வாங்கலாம். மானியம் நேராக வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு வரும்.

இது நல்ல மாற்றம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் டெண்டர் கமிட்டி செய்த வேலை அத்தனையும் இப்போது ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் மேல், வளைகுடாவில் இருக்கும் மகன் அனுப்பிய பணத்தை வைத்திருக்கும் தாய் மேல் இறங்கிவிட்டது. பேனலின் தரம், இன்வெர்ட்டரின் சான்று, இரும்பின் முலாம், கம்பெனியின் நாணயம் எல்லாவற்றையும் அவர்களே எடைபோட வேண்டும். வீடு கட்டும்போது மேஸ்திரியைத் தேர்ந்தெடுக்க ஊருக்கு ஒரு வழி தெரியும். அவர் கட்டிய வீடுகள் கண்முன் நிற்கின்றன, எந்த வீட்டில் ஒழுகுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். சோலாருக்கு அந்த ஞாபகம் ஊரில் இன்னும் உருவாகவில்லை. பத்து வருடம் ஓடிய கூரையைக் காட்டச் சொன்னால் பெரும்பாலான ஊர்களில் காட்ட ஒன்றும் இருக்காது. இந்தக் கட்டுரை சொல்ல வருவதே இதுதான்: விலையைவிட, பேனலின் பெயரைவிட, இல்லாத அந்த ஞாபகத்தை ஈடுகட்டுவது எப்படி என்பதே இன்றைய கேள்வி.

முதலில் மாடியைப் பார்ப்போம். கிராமத்து மொட்டை மாடி சும்மா கிடக்கும் இடமல்ல. வடாம் காயும், நெல் காயும், துணி காயும், கோடையில் ஆள் படுப்பார்கள். மூலைத் தூண்களில் மேல்மாடிக்காக விட்ட கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத நூறு சதுர அடி வேண்டும். மூன்று கிலோவாட் போட்டால் சின்ன மாடியில் பாதி போய்விடும். அதனால்தான் பலரும் ஆள் நடமாடும் உயரத்துக்குத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். அதில் ஒரு நன்மையும் உண்டு. பேனல் சூடாகச் சூடாக உற்பத்தி குறையும், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதம். கத்திரி வெயிலில் பேனலின் மேற்பரப்பு அறுபது டிகிரியைத் தாண்டும்போது கீழே காற்று ஓடினால் நல்லது. ஆனால் உயரம் கூடக் கூடக் காற்றின் பிடியும் கூடும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையைக் கடந்ததை இந்தப் பக்கத்து ஜனங்கள் மறக்கவில்லை. மணிக்கு 150 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும் அமைப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். இரும்பு, சூட்டில் முக்கி எடுத்த ஜி.ஐ. ஆக இருக்க வேண்டும். வெல்டிங் வைத்து வெள்ளிப் பெயின்ட் அடித்த ஆங்கிள் நான்கு மழைக்குத் தாங்காது. கொட்டேஷனில் விலை குறைக்க நினைப்பவர் முதலில் கை வைக்கும் இடம் இந்த இரும்புதான். பேனல் பெயரை எல்லோரும் கேட்கிறார்கள், ஆங்கிளின் கனத்தைக் கேட்பவர் குறைவு.

தளத்தில் துளை போட்டுப் போல்ட் இறக்கினால் ஒழுகும் பயம் உண்டு. கான்கிரீட் பீடம் கட்டி அதன் மேல் கால் நிறுத்துவது பாதுகாப்பு. பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்பும் மரச் சட்டமும் தாங்கும் கூரைக்கு எஞ்சினியர் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகே எதுவும். ஓட்டு வீட்டில் போட வேண்டாம், மாட்டுக் கொட்டகைப் பக்கத்தில் தனிக் கால் நிறுத்திப் போடலாம். அடுத்த ஐந்து வருடத்தில் மேல்மாடி எழுப்பும் எண்ணம் இருந்தால் கழற்றி மாட்டும் கூலியை இப்போதே பேசி எழுதிவிடுவது நல்லது. பிறகு பேசினால் அவர் சொன்னதுதான் விலை.

நிழல் விஷயம் பலருக்குப் புரிவதில்லை. பேனல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்றின் மேல் விழும் தென்னை மட்டை நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் இழுத்துப் பிடிக்கும். நல்ல கான்ட்ராக்டர் காலை ஒன்பது மணிக்கும் மாலை நாலு மணிக்கும் மாடி ஏறி நிழல் எங்கே விழுகிறது என்று பார்ப்பார். தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது பக்கத்து வீட்டுத் தொட்டியின் நிழல் எதுவரை நீளும் என்றும் சொல்வார். வாசலில் நின்றபடியே போனில் போட்டோ எடுத்துக்கொண்டு கொட்டேஷன் அனுப்புபவரிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

அடுத்தது மின்சாரம். கிராமத்தில் சோலார் போடுபவரில் பலர் பவர் கட் தொல்லை தீரும் என்று நம்பிப் போடுகிறார்கள். வீட்டிலிருந்து லைனுக்குப் போகும் மின்சாரத்தையும் கணக்கெடுக்கும் நெட் மீட்டருடன் இணையும் சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், லைனில் மின்சாரம் போன நொடியே தானும் அணைந்துவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் உயிருக்காக வைத்த ஏற்பாடு அது. வெயில் கொளுத்தும், மாடியில் பேனல் இருக்கும், கீழே மின்விசிறி ஓடாது. இதை முன்கூட்டியே சொல்லாத கான்ட்ராக்டருக்கும் வீட்டுக்காரருக்கும் முதல் மாதத்திலேயே சண்டை வரும். பவர் கட்டுக்கும் வேண்டும் என்றால் பேட்டரியுடன் ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும். செலவு கணிசமாக ஏறும், சில ஆண்டுகளில் பேட்டரி மாற்றும் செலவும் வரும். வோல்டேஜ் இன்னொரு சங்கதி. டிரான்ஸ்பார்மரிலிருந்து தூரத்தில் உள்ள வீடுகளில் வோல்டேஜ் ஏறி இறங்கும்போது வரம்பு மீறினால் இன்வெர்ட்டர் நின்று நின்று ஓடும். அந்த நேரத்து யூனிட் போனதுதான். கையெழுத்துக்கு முன் உச்சி வேளையில் மீட்டர் அருகே வோல்டேஜ் அளந்து பார்க்கச் சொல்வதற்குச் செலவு ஒன்றுமில்லை.

டி.சி. பக்கத்துக்கு ஓர் எர்த், ஏ.சி. பக்கத்துக்கு ஓர் எர்த், இடிதாங்கிக்குத் தனி எர்த் என்று மூன்று குழி தோண்ட வேண்டும். ஒரே குழியில் மூன்றையும் முடிப்பது வழக்கமான குறுக்குவழி. குழி மூடுவதற்கு முன் நின்று பார்ப்பது வீட்டுக்காரரின் வேலை.

காகிதங்களில் கிராமத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மின் இணைப்பு பல வீடுகளில் காலமான தாத்தா பெயரிலேயே ஓடுகிறது. பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் விண்ணப்பம் இணைப்பு யார் பெயரிலோ அவர் பெயரில்தான் போக வேண்டும், மானியமும் அவர் கணக்குக்குத்தான் வரும். பேனலுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பெயர் மாற்றத்தை முடித்துவிட வேண்டும். மானியம் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000 தான். ஆகவே ‘பெரிசா போட்டா பெரிய மானியம்’ என்று சொல்வது தவறு. மானியத்துக்குத் தகுதி பெற பேனலும் அதன் செல்லும் இந்தியாவில் செய்தவையாக இருக்க வேண்டும். வெளிநாட்டுச் செல் பொருத்திய பேனல் விலை குறைவு என்பதால் இங்கே மாற்றி ஏமாற்ற இடமுண்டு. பேனல் வண்டியில் வந்து இறங்கும்போது ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் போட்டோ எடுத்து, பில்லில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஒரகடத்தில் பேனல் தொழிற்சாலை, பிள்ளைப்பாக்கத்தில் 2024-இல் திறந்த இன்னொரு பெரிய ஆலை என்று நம் காஞ்சிபுரம் மாவட்டமே பேனல் செய்யும் மாவட்டமாகிவிட்டது. அந்த மாவட்டத்து வீட்டுக்காரர் வரிசை எண் பார்க்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் கருவிகளுக்கு 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பொருளும் வேலையும் சேர்ந்த ஒப்பந்தத்தில் எழுபது பங்கு பொருள், முப்பது பங்கு வேலை என்று பிரித்துப் போடும்போது மொத்த வரி 13.8-லிருந்து 8.9 சதவீதத்துக்கு வருகிறது. பழைய வரியோடு கொட்டேஷன் வந்தால் கேளுங்கள். ‘பில் வேண்டாம்னா இன்னும் குறைச்சுக்கலாம்’ என்பவரிடம் போகவே வேண்டாம். பில் இல்லாத பேனலுக்கு வாரன்டியும் இல்லை, மானியமும் இல்லை.

பணம் கொடுக்கும் வரிசையில்தான் வீட்டுக்காரரின் பலம் முழுவதும் இருக்கிறது. கையெழுத்தின்போது ஒரு சிறு பங்கு. பொருள் இறங்கி, எண் சரிபார்த்த பிறகு பெரும்பங்கு. நெட் மீட்டர் மாட்டி, அது பின்னோக்கியும் கணக்கெடுப்பதைப் பார்த்த பிறகு கடைசிப் பங்கு. இந்தக் கடைசிப் பங்கை விட்டுவிட்டால் இ.பி. ஆபீசுக்கு அலைவது உங்கள் பாடாகிவிடும். பத்து கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை, விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்று 2024 பிப்ரவரியில் மின் நுகர்வோர் உரிமை விதிகள் திருத்தப்பட்டன. ஆகவே ‘இ.பி.யில அனுமதி வரல’ என்ற சாக்கு மாதக்கணக்கில் நீண்டால் விண்ணப்ப எண்ணைக் கேட்டு நீங்களே இணையதளத்தில் பார்க்கலாம்.

முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுப்பதன் விலை என்ன என்பதை அறிய அதிக தூரம் போக வேண்டாம். 2013-இல் கேரளத்தில் டீம் சோலார் என்ற நிறுவனம் சோலார் அமைத்துத் தருவதாகப் பலரிடம் பணம் வாங்கி ஏமாற்றிய விவகாரம் வெடித்தது. முதலமைச்சர் அலுவலகத்தில் தங்களுக்கு நெருக்கம் இருப்பதாகக் காட்டியே நம்பிக்கை பெற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. நீதிபதி சிவராஜன் ஆணையம் 2017-இல் அறிக்கை தந்தது. அரசியல் பேச்சுக்கு நடுவே, பேனல் வரும் என்று காத்திருந்த சாதாரணக் குடும்பங்களைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. பெரிய மனிதரோடு எடுத்த போட்டோ எந்தக் கான்ட்ராக்டருக்கும் தகுதிச் சான்று ஆகாது என்பதற்கு அவர்கள் விலை கொடுத்தார்கள்.

பக்கத்து மாநிலத்தில் இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. ஹரீஷ் ஹண்டே 1995-இல் பெங்களூருவில் தொடங்கிய செல்கோ, கர்நாடகக் கிராமங்களில் சோலார் விளக்கு விற்றபோது கிளைகளை வாடிக்கையாளருக்கு எட்டும் தூரத்தில் வைத்தது. பழுது என்றால் ஆள் வருவார் என்பதே அதன் மூலதனம். வங்கிகள் ஏழைக்குக் கடன் கொடுக்க முன்வந்ததற்கும் அந்த நம்பிக்கை ஒரு காரணம். 2011-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. நம் கேள்விக்கு இதில் நேரடிப் பாடம் உண்டு. சென்னையில் ஆபீஸ் வைத்துக்கொண்டு ஐயங்கார்குளத்தில் ஒரே ஒரு வீடு செய்தவருக்கு, இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தால் அறுபது எழுபது கிலோமீட்டர் வர மனம் வராது. காஞ்சிபுரத்திலோ உத்திரமேரூரிலோ கடை வைத்து, சுற்று வட்டாரத்தில் இருபது வீடு செய்தவர் வேறு வேலைக்கு வரும்போது எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். ஐயாயிரம் பத்தாயிரம் ரூபாய் கூடினாலும் பக்கத்தில் இருப்பவருக்கே என் ஓட்டு. அவரிடம் மின் ஒப்பந்ததாரர் உரிமம் இருக்கிறதா, தேசிய இணையதளத்தில் பெயர் இருக்கிறதா, வேலைக்கு வரும் பையன்களில் சோலார் பொருத்தக் கற்றுத்தரும் சூரியமித்ரா பயிற்சி முடித்தவர் உண்டா என்று கேட்க வேண்டும். அவர் வேலை செய்து மூன்று மழைக்காலம் கண்ட வீடு ஒன்றுக்கு நேரில் போய்ப் பார்க்கவும் வேண்டும். அந்த வீட்டு அக்காவிடம் ஒரே கேள்வி போதும்: போன் போட்டால் எத்தனை நாளில் வருகிறார்?

தனித்தனியாக ஒவ்வொரு வீடும் இவ்வளவும் செய்வது கஷ்டம்தான். பத்து வீடு சேர்ந்தால் கஷ்டமில்லை. பத்து வீட்டுக்கு ஒரே கொட்டேஷன் கேட்டால் விலை இறங்கும். அதைவிட, பத்து வீட்டுக்கு ஒரே பராமரிப்பு ஆள் என்றால் அவருக்கும் கட்டுபடியாகும். கூரை சோலார் ஒன்றுக்கு 1,000 ரூபாய் வீதம் உள்ளாட்சிக்கு ஊக்கத்தொகை தர பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் இடமுண்டு. ஊராட்சி அந்தத் தொகைக்கு ஒரு வேலை செய்யலாம். எந்தக் கான்ட்ராக்டர் எந்த வீட்டில் என்ன போட்டார், எத்தனை யூனிட் வந்தது, பழுதுக்கு எத்தனை நாளில் வந்தார் என்று ஒரு பதிவேடு வைத்து, கிராம சபையில் ஆண்டுக்கு ஒருமுறை வாசிக்கலாம். ஊரில் இல்லாத அந்த ஞாபகம் அப்படித்தான் உருவாகும்.

பக்கத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் இதற்கு முன்மாதிரி. ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் குடவோலையில் ஆள் எடுப்பதற்கு முன் யார் யாரை எடுக்கக் கூடாது என்று அவை விரிவாகச் சொல்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் பெயர் எழுதவே தகுதியில்லாதவர்கள். பொது வேலை ஏற்றுக்கொண்டு பதில் சொல்லாமல் போனவரை ஊர் மறக்காமல் இருக்கக் கல்லில் எழுதினார்கள். இன்று ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஐயங்கார்குளத்துக்குப் பராமரிப்பு புதிதுமல்ல. சித்ரா பௌர்ணமிக்குக் காஞ்சி வரதர் எழுந்தருளும் நடவாவிக் கிணற்றில் தண்ணீரை இறைத்துப் படிகளையும் மண்டபத்தையும் வெளியே கொண்டுவருவது வருடா வருடம் நடக்கிற வேலை. ஒருமுறை கட்டியதோடு முடிந்தது என்று யாரும் விட்டுவிடவில்லை.

எல்லாம் பார்த்தும் ஏமாந்தால் நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. மூன்று கிலோவாட் வீடு அந்த வரம்புக்குள் அடங்கும். ஆனால் அங்கே பேசுவது காகிதம்தான்: ஒப்பந்தம், பில், வரிசை எண் போட்டோ, பணம் அனுப்பிய வங்கிப் பதிவு.

திட்டப்படி கான்ட்ராக்டர் ஐந்து ஆண்டு இலவசமாகப் பராமரிக்கக் கடமைப்பட்டவர். பேனலின் உற்பத்தி வாரன்டி இருபத்தைந்து ஆண்டு. இடையில் இருக்கும் இருபது ஆண்டுப் பராமரிப்புக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. இன்வெர்ட்டர் பழுதாவதும், டி.சி. கேபிளை எலி கடிப்பதும், போர் தண்ணீரில் கழுவிக் கழுவிக் கண்ணாடியில் உப்புப் படிவதும் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான். ஆகவே ஆறாம் ஆண்டிலிருந்து ஆண்டுப் பராமரிப்புக்கு என்ன கூலி, வருடத்துக்கு எத்தனை முறை வருவார், இன்வெர்ட்டர் மாற்றினால் வேலைக் கூலி எவ்வளவு என்பதை முதல் கையெழுத்தின்போதே அதே ஒப்பந்தத்தில் ஒரு பத்தியாக எழுதி வாங்குங்கள். விலையில் இரண்டாயிரம் குறைக்கச் செலவிடும் நேரத்தில் பாதியை அந்தப் பத்திக்குக் கொடுங்கள்.